கேட்கும் வாயும் பூட்டும் கையும்

மன்னன் அவையிலே மன்னனைப் பழித்தவன் தலை தப்புவது அரிது. அது மன்னராட்சி, அதைப் பற்றி நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மக்கள் அவையிலே, மக்கள் பிரதிநிதியைப் பார்த்து மக்களில் ஒருவன் நகைத்துவிட்டால் என்ன நடக்கும்? வழக்கு நடக்கும், சாட்சிகள் வருவர், நீதிபதி தீர்ப்புரைப்பார் என்றுதான் எண்ணுவோம். வகுப்பறையிலே நாம் நடத்தும் குடிமையியல் பாடமும் அதைத்தானே சொல்கிறது! சட்டம் இயற்றுவது சட்டமன்றம், செயற்படுத்துவது அரசு, தீர்ப்பளிப்பது நீதிமன்றம். இந்த மூன்று வரப்புகளையும் ஒரே தாவலில் தாண்டிவிடும் அதிகாரம் ஒன்று கோட்டைக்குள்ளே இருக்கிறது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மின்தொடரில் ஏறி, அன்றாடம் கோட்டை நிலையத்தைக் கடந்து செல்லும் இளைஞர்களுள் எத்தனை பேர் அதை அறிவர்?

1987, ஏப்ரல் 4. 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை. விதித்தது நீதிமன்றமன்று, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை. குற்றம்? இதழின் அட்டையிலே வெளிவந்த ஒரு நகைச்சுவைத் துணுக்கு. மேடையில் இருக்கும் இருவரில் சட்டமன்ற உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் போலிருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் போலிருப்பவர் மற்றவர் என்று அடையாளம் காட்டுகிறார் இன்னொருவர். அவ்வளவே! எந்த உறுப்பினர் பெயரும் அதில் இல்லை. எந்த அமைச்சர் பெயரும் இல்லை. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.; பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். ஆசிரியர் மன்னிப்புக் கேட்க மறுத்தார், சிறை சென்றார். நாடெங்கும் கண்டனக் குரல் எழவே, சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். விடுதலையானது போதும் என்று அவர் வீட்டுக்குப் போய்விடவில்லை. வழக்குத் தொடுத்தார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சிறைவைப்பு செல்லாது என்று கூறி, 1,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தொகை சிறிதுதான், அதை வாங்க ஏழாண்டுகள் ஆயின.

இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? அரசமைப்புச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவைப் புரட்டிப் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தின் உரிமைகள் எவை என்பதைச் சட்டமன்றமே சட்டம் இயற்றி வரையறுக்கலாம். அப்படி வரையறுக்கும் வரையில், பிரிட்டனின் காமன்ஸ் சபைக்கு 1950, சனவரி 26 அன்று இருந்த உரிமைகளே இங்கும் இருக்கும் என்று எழுதி வைத்தனர். 1978இல் இயற்றப்பட்ட 44ஆவது திருத்தம் காமன்ஸ் சபை என்ற பெயரை நீக்கியது. பெயர் போயிற்று, பொருள் போகவில்லை. அதுவரை இருந்த உரிமைகள் அப்படியே தொடரும் என்றது அத்திருத்தம். வெள்ளையன் வெளியேறினான், அவன் வீட்டுச் சாவிக்கொத்தை மட்டும் நாமே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம்!

அந்தச் சாவி இலண்டனிலே கடைசியாக யாரைப் பூட்டியது தெரியுமா? பகுத்தறிவாளர் எவரும் மறக்கக் கூடாத ஒருவரை. சார்லஸ் பிராட்லா. 1866இல் இங்கிலாந்தின் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவியவர். 1880களில் சென்னையிலிருந்து வெளிவந்த நாத்திக இதழான 'தத்துவ விவேசினி'யைப் படித்தவர்களுக்கு நன்கு அறிமுகமான பெயர். 1880இல் நார்தாம்டன் தொகுதி மக்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். கடவுளை நம்பாதவன் கடவுள் பெயரால் ஆணையிடுவது பொய்யன்றோ, எனவே உறுதிமொழி மட்டும் கூறுகிறேன் என்றார். சபை ஏற்கவில்லை. சரி, ஆணையே இடுகிறேன் என்றார். நாத்திகன் ஆணைக்கு மதிப்பில்லை என்று அதையும் மறுத்தது! வெளியேறு என்றது சபை; மக்கள் அனுப்பிய நான் ஏன் வெளியேற வேண்டும் என்றார் அவர். சூன் 23 அன்று மணிக்கூண்டிலே அடைத்தனர், மறுநாள் விடுவித்தனர். மீண்டும் மீண்டும் தேர்தலில் வென்று, 1886இல்தான் அவர் தம் இருக்கையில் அமர முடிந்தது. கடவுள் பெயர் சொல்லாமல் உறுதிமொழி கூறும் உரிமையை எல்லோர்க்கும் பெற்றுத் தந்த 1888ஆம் ஆண்டுச் சட்டம் அவர் முயற்சியால் வந்ததே. அதற்குப் பின் காமன்ஸ் சபை எவரையும் சிறையில் அடைத்ததில்லை. அங்கே துருப்பிடித்துப் போன சாவியைத்தான் இங்கே எண்ணெய் பூசிப் பயன்படுத்தியிருக்கிறோம்.

வடக்கேயும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. சென்னையை மிஞ்சும் அளவிலே நடந்திருக்கிறது. கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் என்பவர், ஒரு சட்டமன்ற உறுப்பினரின் ஊழலை அம்பலப்படுத்துவதாகத் துண்டறிக்கை வெளியிட்டார். 1964, மார்ச் 14 அன்று உத்தரப் பிரதேச சட்டமன்றம் அவரை அவை முன் நிறுத்தியது. அவர் பேரவைத் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஏழு நாள் சிறை. மார்ச் 19இல், லக்னோவில் அமர்ந்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் பெய்க், சேகல் இருவரும் பிணை வழங்கினர். சினந்தெழுந்தது சட்டமன்றம்! கைதியை மட்டுமன்று, அவருக்காக வாதாடிய வழக்குரைஞரையும், பிணை தந்த நீதிபதிகள் இருவரையும் காவலில் பிடித்து வந்து அவை முன் நிறுத்துமாறு மார்ச் 21இல் தீர்மானித்தது. நீதிபதிகள் தம் காப்புக்குத் தாமே நீதிமன்றம் ஏறினர். அலகாபாத்தில் 28 நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து, அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றத் தடை விதித்தனர். இறுதியில் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். செப்டம்பர் 30 அன்று, தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் உள்ளிட்ட அறுவர் ஒரு பக்கமும் நீதிபதி சர்க்கார் மறு பக்கமுமாக நின்று கருத்துரைத்தனர். பிணை தந்த நீதிபதிகள் அவையை அவமதிக்கவில்லை, அவர்களை இழுத்துவர அவைக்கு அதிகாரமில்லை என்பது பெரும்பான்மையோர் முடிவு. எனினும் எழுத்துரிமை பெரிதா, அவையுரிமை பெரிதா என்ற கேள்விக்கு அன்று முழு விடை கிடைக்கவில்லை.

அப்படியானால் சட்டமன்றத்துக்குத் தண்டிக்கும் அதிகாரமே வேண்டாமா என்று தோழர்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். 'உரிமை' என்ற ஒரே பெயருக்குள்ளே இரண்டு வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று கேட்கும் உரிமை: அவையின் குழு அழைப்பாணை விடுத்து, ஆளை வரவழைத்து, ஆவணத்தைக் கொணரச் செய்து உண்மையைத் தோண்டுவது. மற்றது தன்னைப் பழித்தவனைத் தண்டிக்கும் உரிமை. முன்னது மக்களுக்காக, பின்னது உறுப்பினர்களின் செருக்குக்காக.

அமெரிக்காவிலே டீபாட் டோம் என்ற எண்ணெய் வயல் ஊழலை மேலவைக் குழுவொன்று 1920களில் கிளறியது. அரசுக்குச் சொந்தமான எண்ணெய் வளத்தை, போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமலே தனியாருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார் அமைச்சர் ஆல்பர்ட் ஃபால். எண்ணெய் முதலாளி ஹாரி சின்க்ளேர் குழு முன் விடை சொல்ல மறுத்தார். அவரைக் குழு தானே பூட்டி வைத்துவிடவில்லை. அழைப்பாணையை மீறுவோரை நீதிமன்றத்தில் நிறுத்த 1857 முதல் அங்கே சட்டம் இருந்தது. வழக்கு நடந்தது, மேல்முறையீடும் நடந்தது, 1929இல் அந்தக் கோடீசுவரர் சிறை புகுந்தார். தண்டனை மூன்று மாதம். இங்கே நகைச்சுவைத் துணுக்குக்கு விதித்ததும் அதே மூன்று மாதந்தான்! கேட்கும் அதிகாரமும் கெட்டுப்போகக் கூடியதே. அதே அமெரிக்காவில், நீ பொதுவுடைமையாளனா, உன் நண்பன் யார் என்று எழுத்தாளரையும் தொழிற்சங்கத்தாரையும் குழுக்கள் வாட்டிய காலம் உண்டு. 1957இல் வாட்கின்ஸ் வழக்கில், ஆராயும் பொருளுக்குத் தொடர்பில்லாத கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று தண்டிக்க முடியாதென அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது.

கேட்கும் உரிமையின் அருமையை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 திசம்பரில் முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கியதைக் கண்டவர்கள் நாம். மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தோர் இன்றும் நம் தெருக்களில் உள்ளனர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதே, எவர் ஆணையால், எந்த நேரத்தில், யாருக்கு முன்னறிவிப்புச் செய்து? அந்த வெள்ளத்தில் மனிதத் தவறு இருந்ததென்று தணிக்கைத் தலைவரின் அறிக்கை கூறியது. 2018இல் அது பேரவையின் முன் வைக்கப்பட்டது. ஓர் அதிகாரியை அழைத்து, கோப்பை மேசைமேல் வைக்கச் சொல்லி, விரல் நீட்டிக் கேட்கும் குழு ஒன்றுக்கு அழைப்பாணையும், அதை மீறுவோரைத் தண்டிக்க வழியும் இல்லாமற்போனால் என்ன பயன்? அந்த அதிகாரத்தை விட்டுத்தர நாம் ஒருபோதும் ஒப்போம்.

ஆத்திரேலிய நாடாளுமன்றம் இரண்டையும் பிரித்துக் காட்டியது. அவைகளின் உரிமை என்ன, தண்டனைக்கு எல்லை என்ன என்று சட்டமாகவே எழுதி வைத்தது. சிறை ஆறு மாதத்துக்கு மேற்படாது. அவையை, குழுவை, உறுப்பினரைப் பழித்தோ குறைகூறியோ எழுதியது என்ற ஒரே காரணத்தால் எதுவும் குற்றமாகாது. அவை நடக்கும்போது உள்ளேயே நின்று கூச்சலிட்டால் அது வேறு. அந்தச் சட்டம் வந்த ஆண்டு எது? 1987! விகடன் ஆசிரியரை நாம் சிறைக்கு அனுப்பிய அதே ஆண்டு.

நாமோ கற்றுக்கொள்ளவில்லை. 2003, ஏப்ரல் 25 அன்று, அரசின் சகிப்பின்மை வளர்வதாக 'தி இந்து' நாளேடு தலையங்கம் தீட்டியது. அதைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டது 'முரசொலி'. நவம்பர் 7இல், ஜெயலலிதா ஆட்சியில், பேரவைத் தலைவர் கா. காளிமுத்து தலைமையில் கூடிய பேரவை, தலையங்கமும் செய்திகளும் உரிமை மீறல் என்று முடிவு கட்டி, இந்துவின் ஆசிரியர் என். ரவி முதலான ஐவருக்கும், மொழிபெயர்ப்புக்காக முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை விதித்தது. மொழிபெயர்ப்பும் குற்றமாம்! அண்ணா சாலை அலுவலகத்துக்குள் காவல்துறை புகுந்து தேடியது. மூன்றாம் நாள், நவம்பர் 10இல், உச்ச நீதிமன்றம் தண்டனைக்குத் தடை விதித்தது. காளிமுத்து மேடைத் தமிழால் மாணவர்களை ஈர்த்த திராவிட இயக்கப் பேச்சாளர் என்பதும், எழுத்தையும் பேச்சையும் நம்பியே வளர்ந்தது அவ்வியக்கம் என்பதும் நம்மை மேலும் வருத்துகின்றன. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எழுத்துரிமையும், ஆளுங்கட்சியானதும் அவையுரிமையும் இனிப்பது எந்த ஒரு கட்சிக்கும் தனி நோயன்று.

அவையுரிமையை வரையறுக்கும் சட்டத்தை இயற்றுமாறு பத்திரிகையாளர் சங்கங்கள் பலமுறை வேண்டியுள்ளன. எழுதப்படாத அதிகாரமே எல்லையற்ற அதிகாரம் என்பதை அவை அறியாதா என்ன! இந்து ஏட்டினர் தொடுத்த வழக்கு மேலும் பெரிய அமர்வுக்குப் போயிற்று. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் எடுத்துக்கொண்ட, ஏழு நீதிபதிகள் விசாரிக்க வேண்டிய வழக்குகளின் பட்டியலிலே அதுவும் ஒன்றாக நின்றது. 15 நாள் தண்டனைக்கு அப்போது வயது 20.