மார்வின் மில்லர்

மார்வின் மில்லர் (ஏப்ரல் 14, 1917 – நவம்பர் 27, 2012) அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் ஆவார். தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாமலேயே அடிபந்தாட்டத்தின் (பேஸ்பால்) பொருளாதாரத்தை மாற்றியமைத்தவர்களுள் முதன்மையானவர்.

வாழ்க்கை

நியூயார்க் நகரில் பிறந்த இவர், எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பொருளியலாளராகப் பணியாற்றினார். 1966 முதல் 1982 வரை அடிபந்தாட்டக்காரர் சங்கத்தின் செயல் இயக்குநராக இருந்தார்.

பங்களிப்பு

1968 இல் ஏற்பட்ட முதல் கூட்டு ஒப்பந்தம் குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தை 6,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தியது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் ஆட்டக்காரரை அணி தன்னிடமே வைத்துக்கொள்ள அக்காலத்தில் ஒரு விதி இடமளித்தது. ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னாலி ஆகியோருக்காகச் சங்கம் தொடுத்த முறையீட்டில், 1975 இல் நடுவர் பீட்டர் சைட்ஸ் அளித்த தீர்ப்பு இப்பிடியைத் தளர்த்தியது. ஆட்டக்காரர்கள் விரும்பிய அணியுடன் ஒப்பந்தம் செய்ய வழி பிறந்தது.

சிறப்பு

புகழ் மண்டபத்திற்கான வாக்கெடுப்புகளில் பலமுறை தோல்வியுற்ற மில்லர், 2008 இல் தன் பெயரை இனிப் பரிந்துரைக்க வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். மறைவுக்குப் பின், 2019 இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 2021 இல் சேர்க்கப்பட்டார்.