பழியை ஒப்படைத்தல்: மாண்ட்கமரி, 1956

1956 சனவரி 30 இரவு, அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் ஒரு குருமனையின் முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே இருந்தவர்கள் கொரெட்டா ஸ்காட் கிங், பத்து வாரக் கைக்குழந்தை, துணைக்கு வந்திருந்த ஒரு பெண். டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் சபையின் போதகர் மார்ட்டின் லூதர் கிங் அப்போது வேறொரு ஆலயத்தில், நகரப் பேருந்துகளில் இருந்த நிறப்பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பின் கூட்டத்தில் இருந்தார். அவர் வீடு வந்து சேர்ந்தபோது தெரு நிறையக் கறுப்பின மக்கள் திரண்டிருந்தார்கள். பலரிடம் ஆயுதம் இருந்தது. ஆளுக்கொரு துப்பாக்கியோடு மோதிப் பார்க்கலாமா என்று ஒருவர் காவலரிடம் அறைகூவியதைக் கிங்கே பின்னாளில் எழுதியிருக்கிறார். மனைவியும் குழந்தையும் பிழைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு முகப்புக்கு வந்த கிங், ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் போதனையை நினைவூட்டினார். கூட்டம் கலைந்தது.

இந்நிகழ்ச்சியை ஒரு மகானின் பெருந்தன்மையாகச் சொல்வதே வழக்கம். காந்திய அறப்போர் அமெரிக்காவில் வேர்பிடித்த தருணமாகக் காட்டுவோரும் உண்டு. இரண்டும் போதுமானவையல்ல என்பது என் வாதம். அன்றிரவு நடந்தது, தண்டிக்கும் உரிமையைக் கைவிட்டு, முறையீட்டை மட்டும் கைவிடாத செயல். அதற்கான பயிற்சி அந்த மக்களுக்கு ஆலயத்தில் கிடைத்திருந்தது.

மகான் கதைக்கு முதல் இடைஞ்சல் கிங்கின் துப்பாக்கிதான். குண்டுவெடிப்புக்குப் பின் சில நாட்களுக்குள் அவர் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டார், அதிகாரிகள் மறுத்தார்கள். வீட்டைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவல் இருந்தது. பிப்ரவரி இறுதியில் அகிம்சைப் போராட்டத்தில் பழுத்த அனுபவமுள்ள பேயர்ட் ரஸ்டின் அங்கே வந்தபோது, உடன் வந்த பத்திரிகையாளர் உட்காரப் போன நாற்காலியில் கைத்துப்பாக்கி கிடந்தது. முகப்பில் நின்று மலைப்பிரசங்கத்தைச் சொன்னவரின் வீடு இது! கபடம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் தற்காப்பும் பழிவாங்கலும் வேறு வேறு என்ற தெளிவு அவருக்கு முதலில் வந்தது. தற்காப்புக்கும் ஆயுதம் வேண்டாம் என்ற முடிவு பின்னால்தான் வந்தது. இரண்டாவதில்தான் ரஸ்டின் போன்றோரின் பங்கு பெரிது. முதலாவது அவர்கள் வருவதற்கு முன்பே நடந்தேறிவிட்டது.

அப்படியானால் அந்த முதலாவது எங்கிருந்து வந்தது? பேச்சாளரை மட்டும் பார்க்கும் ஆய்வுகள் கேட்டவர்களை மறந்துவிடுகின்றன. புறக்கணிப்பு தொடங்கிய 1955 டிசம்பர் 5 முதல் அந்த மக்கள் ஆலயம் ஆலயமாகக் கூடிப் பாடி, ஜெபித்து, பிரசங்கம் கேட்டு வந்தார்கள். கிங் புதிதாக எதையும் கற்பிக்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே அவர்கள் கேட்டு வளர்ந்ததை உரிய நேரத்தில் எடுத்துச் சொன்னார். இருபத்தேழு வயதுப் போதகரின் சொல்லுக்கு, அவரைவிட மூத்த ஆண்கள் ஆயுதத்தோடு வீடு திரும்பியதற்கு அவருடைய நாவன்மை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அவர்கள் கேட்டு வளர்ந்த வேதத்தில், பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரம் பழிவாங்குதலைக் கடவுளிடம் விட்டுவிடச் சொல்கிறது. அடுத்த அதிகாரமே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பை ஆளும் அதிகாரத்திடம் வைக்கிறது. பழியை விட்டுக்கொடுப்பவன் அதை வெறுமையில் விடுவதில்லை. வேறொரு கையில் ஒப்படைக்கிறான். மாண்ட்கமரியின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேயர் டபிள்யூ. ஏ. கெய்லும் காவல்துறை ஆணையர் கிளைட் செல்லர்ஸும், நிறப்பாகுபாட்டைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தில் அந்தச் சனவரியில்தான் சேர்ந்திருந்தார்கள். குண்டு வெடித்த இரவில் முகப்புக்கு வந்து விசாரணைக்கு உறுதி கூறியவர்களும் அவர்களே. பவுல் சொன்ன இரண்டாவது கை அங்கே எதிர்த்தரப்பின் கையாக இருந்தது.

ஆகவே புறக்கணிப்பை நடத்தியவர்கள் நகரத்தைத் தாண்டிப் போனார்கள். குண்டுவெடிப்புக்கு இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, ஏற்கெனவே ஆலோசனையில் இருந்த வழக்கை வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்தார். அன்றிரவே இயக்கத்தின் மூத்தவர் ஈ. டி. நிக்சனின் வீட்டிலும் குண்டு வெடித்தது. வழக்கை இறுதிவரை நடத்தியவர்கள் நான்கு பெண்கள். கிளாடெட் கோல்வினும் ஆரீலியா பிரவுடரும் அவர்களில் இருவர். முன்பு இயக்கம் கேட்டது, பாகுபாட்டுச் சட்டத்துக்குள்ளேயே முந்தி வந்தவருக்கு முதல் இடம் என்ற சிறு சலுகை. வழக்கு கேட்டதோ பாகுபாட்டையே ஒழிக்கும் தீர்ப்பு. அடி விழுந்த பின் ஆயுதம் இறங்கியது, கோரிக்கை உயர்ந்தது. அடக்கம் என்பது அடங்கிப்போவது என்று குற்றம்சாட்டுவோர் இந்த இரண்டு நாட்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

கொரெட்டாவுக்கும் இதில் உரிய இடம் கிடைக்கவில்லை. அவர் தந்தையும் மாமனாரும் அவரையும் குழந்தையையும் ஊரைவிட்டு அழைத்துப்போக வந்தார்கள். அவர் போகவில்லை. அவர் கிளம்பியிருந்தால் முகப்பில் ஆற்றிய உரை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பேருந்துப் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. 381 நாள் புறக்கணிப்பு டிசம்பரில் முடிந்தது. ஆனால் 1957 சனவரியில் நான்கு ஆலயங்களிலும் போதகர்களின் வீடுகளிலும் மறுபடி குண்டுகள் வெடித்தன. இம்முறை கைதுகள் நடந்தன, கையெழுத்திட்ட வாக்குமூலங்களும் கிடைத்தன. வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, விசாரணைக்கு வந்தவர்களை அந்த மே மாதம் விடுவித்தது. பேருந்து இருக்கைவரை வந்த நீதி, குண்டு வைத்தவர்களை எட்டவில்லை. அதன் பிறகும் அந்த ஆலயங்களிலிருந்து எவரும் பதிலுக்குக் குண்டு வைக்கவில்லை.