தமிழ்நாடு நாள் எது?

நவம்பர் 1 வந்தால் கர்நாடகம் முழுக்க மஞ்சள் சிவப்புக் கொடிதான். ராஜ்யோத்சவம் என்று அரசு விடுமுறையும் உண்டு. கேரளத்தில் அதே நாள் 'கேரளப் பிறவி'. மொழிவாரி மாநிலங்கள் 1956ல் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. ஆனால் தமிழ்நாட்டு அரசு மட்டும் நெடுங்காலம் அந்த நாளைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஏன்?

மற்றவர்களுக்கு அது சேர்ந்த நாள். சென்னை மாநிலத்துக்கோ பெரும்பாலும் பிரிந்த நாள். ஆந்திரா 1953லேயே போய்விட்டது. 1956ல் மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடம் மைசூருக்கும் போயின. தமிழர்கள் அதிகம் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. வந்து சேர்ந்தவை குமரியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும். குமரி மக்களுக்கு மட்டும் இது சும்மா வந்த நாள் அல்ல. நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திருத்தணி வந்து சேர 1960 ஆகிவிட்டது!

எல்லை இப்படி என்றால், பெயர்? மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளோடு விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று உண்ணாவிரதம் தொடங்கிய சங்கரலிங்கனார், அக்டோபர் 13 அன்று இறந்தார். பத்தொன்பது நாள் கழித்துப் புது மாநிலம் பிறந்தது, பழைய பெயரோடு.

1967ல் அண்ணா முதல்வரானார். ஜூலை 18 அன்று பெயர் மாற்றத் தீர்மானம் சட்டசபையில் ஒருமனதாக நிறைவேறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 1969 ஜனவரி 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

2019ல் அதிமுக அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடியது. 2021ல் திமுக அரசு அதை ஜூலை 18க்கு மாற்றியது. கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் கேள்வி நியாயமானது: ஒரு மாநிலம் பிறந்தது கோடு கிழித்த அன்றா, பெயர் வைத்த அன்றா? ஜூலை 18 என்றால் சங்கரலிங்கனாருக்கு இடம் உண்டு, குமரியில் குண்டடிபட்டவர்களுக்கு இல்லை. நவம்பர் 1 என்றால் குமரிக்கு இடம் உண்டு. ஆனால் அன்று இந்த மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயரே கிடையாது.