உரலும் ரோலும் – மொழிகள் மாறும் விதம்

ஹைதராபாத்தில் நம் அங்கத்தினர்கள் நான்கு பேர் கூடினால், காபி ஆறுவதற்குள் ஒரு விவாதம் தவறாமல் வந்துவிடும். "தெலுங்கு என்பது தமிழிலிருந்து பிரிந்த மொழிதானே?" என்பார் ஒருவர். "இல்லவே இல்லை, இவை எல்லாவற்றுக்கும் மூலம் ஸம்ஸ்கிருதம்தான்" என்பார் இன்னொருவர். இருவருமே நன்கு படித்தவர்கள், பெரிய பதவிகளில் இருந்தவர்கள். ஆனால் இருவர் சொல்வதும் சரியல்ல. நான் இரசாயனம் படித்தவன், மொழியியல் படித்தவன் அல்ல. ஆனாலும் ஓய்வு பெற்றபின் இந்த விஷயத்தை ஓரளவு தேடிப் படித்தபோது, இதிலும் விஞ்ஞானத்துக்கு நிகரான கட்டுப்பாடான முறை ஒன்று இருப்பதைக் கண்டு வியந்தேன். அதில் பெரும்பங்கு நாம் வசிக்கும் இந்த நகரத்திலேயே வளர்ந்தது என்பது இன்னும் சுவையான செய்தி.

1786-ல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ், ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்று சொன்னதை நாம் அறிவோம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816-ல், சென்னைக் கலெக்டர் எல்லிஸ், காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு முன்னுரை எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வினை வேர்களை வரிசையாக அடுக்கி, இவை ஸம்ஸ்கிருதத்திலிருந்து பல சொற்களைக் கடன் வாங்கியிருந்தாலும் வேரில் தனிக் குடும்பம் என்று அதில் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது இதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1856-ல்தான். எல்லிஸ் தம் வாதத்துக்கு ஆதாரமாகக் கொண்ட தெலுங்கு வேர்ப் பட்டியலைத் தொகுத்தவர், கோட்டைக் கல்லூரியில் இருந்த பட்டாபிராம சாஸ்திரி என்ற பண்டிதர். ஸம்ஸ்கிருதத்தில் கரைகண்ட ஒரு சாஸ்திரியின் உழைப்பே தெலுங்கு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை நிறுவ உதவியது என்பதை, மேலே சொன்ன நண்பர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுகிறேன்.

சரி, உறவை எப்படி நிரூபிப்பது? இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பது போதாது. கடனாக வாங்கியிருக்கலாம், தற்செயலாகவும் இருக்கலாம். ஒலி வேறுபாடு ஒழுங்காக, சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி வர வேண்டும். நம் சமையலறையிலிருந்தே உதாரணம் தருகிறேன். தமிழில் உரல், தெலுங்கில் ரோலு. தமிழில் உலக்கை, தெலுங்கில் ரோகலி. முதலில் பார்த்தால் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். ஆனால் பேச்சுத் தமிழில் நாமே "ஒரல்", "ஒலக்கை" என்று சொல்வதில்லையா? அதுதான் முதல் படி. அடுத்த படியாக, தெலுங்கில் சொல்லின் முதலில் நின்ற உயிர் மெய்யைத் தாண்டிப் பின்னால் போய், அங்கிருந்த உயிரோடு சேர்ந்து நீண்டுவிட்டது. "ஒரல்" என்பது "ரோலு" ஆயிற்று. இதே விதிப்படி அவன் "வாடு" ஆனான், இவன் "வீடு" ஆனான், உள் "லோ" ஆயிற்று. (இங்கே புதிதாக வந்த தமிழர்கள், யாரோ ஒருவரைச் சுட்டி "வீடு" என்று சொன்னதைக் கேட்டு முழிப்பது வழக்கம்!)

இன்னொன்று. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் பழைய ககரம், தமிழிலும் தெலுங்கிலும் சகரமாயிற்று. கன்னடம் அதைக் காப்பாற்றிக்கொண்டது. நமக்குச் செவி, அவர்களுக்குக் கிவி. நமக்குச் செம்மை, அவர்களுக்குக் கெம்பு. அப்படியானால் கிளி, கெடு என்ற தமிழ்ச் சொற்களில் ககரம் ஏன் மாறவில்லை? இங்கேதான் அழகு. அடுத்து வரும் மெய் ட, ண, ள, ழ போல நாவை மடித்து ஒலிப்பதாக இருந்தால் தமிழில் மாற்றம் தடைப்பட்டது. தெலுங்கில் அந்தத் தடை இல்லை. ஆகவே அங்கே கெடு "செடு" ஆயிற்று, கிளி "சிலுக" ஆயிற்று. விதிவிலக்குக்கே ஒரு விதி இருக்கிறது! ஆய்வுக்கூடத்தில் இருந்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தருவது வேறென்ன?

இந்த விதிகளை முழுமையாக ஆராய்ந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பேராசிரியர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. 1928-ல் ஓங்கோலில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் 1962 முதல் மொழியியல் பேராசிரியர். 1986 முதல் 1993 வரை ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 2012-ல் இந்நகரில் காலமானார். தெலுங்கு வினை வேர்களைப் பற்றிய அவருடைய நூல் 1961-லும், திராவிட மொழிகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் 2003-ல் கேம்பிரிட்ஜிலிருந்தும் வெளிவந்தன. தெலுங்குக்கு நெருங்கிய உடன்பிறப்பு தமிழோ கன்னடமோ அல்ல, கோண்டி, குயி, கோண்டா போன்ற பழங்குடி மொழிகளே என்று அவர் நிறுவினார். இது பலருக்குக் கசந்தது. ஆனால் அரக்குப் பள்ளத்தாக்குப் பகுதியில் பேசப்படும் கோண்டா மொழியை நேரில் கேட்டு, எழுதி, இலக்கணம் வகுத்தவர் சொன்னதை மறுக்க, அதே அளவு உழைப்பு வேண்டும்.

கோண்டியைப் பற்றி அவர் 1998-ல் எழுதிய கட்டுரைதான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. நம் "ஆறு" என்ற எண்ணும், "உப்பு" என்ற சொல்லும் மிகப் பழங்காலத்தில் சகரத்தில் தொடங்கியவை. சங்க இலக்கியத்துக்கும் முன்பே தமிழில் அந்தச் சகரம் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்ததை நேரில் கேட்டவர் யாரும் எழுதி வைக்கவில்லை. கோண்டி பேசும் சில ஊர்களில் ஆறு இன்றும் "ஸாருங்". சில ஊர்களில் "ஹாருங்". வேறு சில ஊர்களில் "ஆருங்". உப்பும் அப்படியே, "ஸோவர்", "ஹோவர்", "ஓவர்". நம் மொழியில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பு நடந்து முடிந்த மாற்றத்தைப் போன்ற ஒன்று, ஆதிலாபாத் போன்ற பகுதிகளில் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. ஒலி மாற்றம் எல்லாச் சொற்களையும் ஒரே நாளில் தாக்குவதில்லை, சொல் சொல்லாகப் பரவி, முடியும்போது ஒழுங்காக முடிகிறது என்பது அவர் கண்டது.

நம் ஆய்த எழுத்தையும் அவர் விடவில்லை. அஃது, இஃது, ஒருபஃது என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்த மூன்று புள்ளி, மூல திராவிடத்தில் இருந்து பின்பு மறைந்த ஒரு தொண்டை ஒலியின் மிச்சம் என்றும், வா–வரு, தா–தரு என்று நெடிலும் குறிலும் மாறி வருவதற்கும் அதுவே காரணம் என்றும் வாதிட்டார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1879-ல் ஸோஸூர் என்ற இளைஞர், மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் மறைந்துபோன ஒலிகள் சில இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னார். பின்னர் துருக்கியில் கிடைத்த ஹிட்டைட் களிமண் ஏடுகளில் அவற்றின் தடயம் இருப்பது 1927-ல் தெரியவந்தது. மெண்டலீவ் அட்டவணையில் காலியாக விட்ட கட்டத்தில் பிறகு ஜெர்மேனியம் வந்து உட்கார்ந்ததுபோலத்தான்.

காலக் கணக்கு பற்றி ஒரு வரி: கணினி கொண்டு இருபது திராவிட மொழிகளை ஆராய்ந்த 2018-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, இக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. இத்தகைய மதிப்பீடுகளில் முன்பின் நிறையவே உண்டு.

நம் ஆத்துப் பேச்சும் ஆராய்ச்சிக்கு உட்பட்டதுதான். மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1960-களில், பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டு எழுதினார்கள். இதில் பெருமைப்படவோ கூசவோ ஒன்றுமில்லை. "அகத்தில்" என்பது "ஆத்துல" ஆனதும், "போய்க்கொண்டு" "போயிண்டு" ஆனதும், "தீர்த்தம்" "தூத்தம்" ஆனதும், எந்தக் கிராமத்துப் பேச்சிலும் நடக்கும் மாற்றங்களைப் போன்றவையே. வீடு என்று எல்லோரும் சொல்லும் இடத்தில் "அகம்" என்ற பழைய தமிழ்ச் சொல்லை நாம் வைத்திருக்கிறோம். தண்ணீரை மட்டும் "ஜலம்" ஆக்கிவிட்டோம்!

ஆனால் இந்தப் பேச்சு வேகமாகக் கரைகிறது. என் பேரன் தமிழில் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் "கதா" என்று முடிக்கிறான். வேண்டாம் என்பதற்கு "நக்கோ". அந்த "நக்கோ" மராத்தியிலிருந்து தக்கனி உருதுவுக்கு வந்தது. அதே உருது, நாம் "என்று" எனவும் தெலுங்கர் "அனி" எனவும் சொல்லும் இடத்தில் "போல்கே" என்று சொல்லக் கற்றது நம் மொழிகளிடமிருந்து. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு. ஆகவே பேரனை நான் திருத்துவதில்லை. பாட்டி சொன்ன வார்த்தைகளை எழுதி வைக்கிறேன்.

கிருஷ்ணமூர்த்தி அவர்கள் ஆந்திரத்தின் மாவட்டங்களில் உழவர்கள் தம் கருவிகளுக்கும் வேலைகளுக்கும் சொல்லும் பெயர்களைத் திரட்டி, 1962-ல் ஆந்திரப் பிரதேச ஸாகித்ய அகாடமி மூலம் அகராதியாக வெளியிட்டார். 1971-ல் நெசவாளர் சொற்கள் வந்தன. நம் அங்கத்தினர்கள் பல நகரங்களில் இருக்கிறோம். தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று பூர்வீகம் வேறு வேறு. உங்கள் ஆத்துப் பெரியவர்கள் சமையல் பாத்திரங்களுக்கும், பலகாரங்களுக்கும், உறவு முறைகளுக்கும் சொன்ன சொற்களில், இன்று குழந்தைகளுக்குப் புரியாத பத்தை, பூர்வீக ஊரின் பெயரோடு ஓர் அஞ்சலட்டையில் எழுதி இந்த இதழின் ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஊர் வாரியாகப் பிரித்து அட்டவணை போட்டுத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.