10.0.2.2 யார் வீட்டு நம்பர்?

போன மாசம் ஒரு ராத்திரி. மறுநாள் காலை பத்து மணிக்கு டெமோ. லேப்டாப்பில் சர்வர் ஓடுது, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் அடிச்சா ஜம்முனு பதில் வருது. அதே முகவரியை ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் இருக்கும் என் ஆப்புக்குக் கொடுத்தா 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்'. மூணு மணி நேரம் ஃபயர்வாலைத் திட்டிட்டு, கடைசியில் எங்கேயோ படிச்ச 10.0.2.2-ஐப் போட்டேன். வேலை செஞ்சுது. தூங்கப் போயிட்டேன்.

லோக்கல்ஹோஸ்ட் ஏன் வேலை செய்யலைன்னு உங்களுக்கே தெரியும். 127-ல் தொடங்கும் முகவரி எல்லாம் 'நானே' என்று அர்த்தம்; 1986-ல் வந்த ஆர்எஃப்சி 990 அப்படி ஒதுக்கியது. எமுலேட்டருக்குள்ள 'நான்' என்றால் அந்தப் பொய் போன், என் லேப்டாப் இல்லை.

டெமோ முடிஞ்சதும் எங்க ஆர்க்கிடெக்ட் (ஐம்பதைத் தாண்டியவர்) கோடைப் பார்த்துட்டு, "அது ஏன் தம்பி 10.0.2.2?" என்றார். "கூகுள்காரன் வெச்சது சார்" என்றேன். சிரிச்சார். "நான் காலேஜ் படிச்சப்பவே இந்த நம்பர் உண்டு. அப்ப கூகுளே கிடையாது."

மானம் போச்சு. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து தோண்டினதுதான் இந்தப் பதிவு.

1995-க்குப் போவோம். அந்த வருஷம் ஆகஸ்ட் 15-ல்தான் விஎஸ்என்எல் நம்மூரில் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பிச்சது. மலிவாக் கிடைச்சது ஷெல் கணக்கு. மோடத்தில் டயல் பண்ணி எங்கேயோ இருக்கும் யூனிக்ஸ் மெஷினுக்குள் நுழையலாம். வெறும் எழுத்துதான், படம் கிடையாது. படத்தோடு பார்க்கணும்னா உங்க கம்ப்யூட்டருக்கே ஐபி முகவரி வேணும், அந்தக் கணக்குக்குக் காசு ஜாஸ்தி. உலகம் பூரா மாணவர்களுக்கு இதே பிரச்சினைதான். இதுக்கு 'தி இன்டர்நெட் அடாப்டர்' என்று ஒரு மென்பொருளைக் காசுக்கு வித்தாங்க. டேனி காஸ்பரோவ்ஸ்கி என்பவர் அதே வேலையைச் செய்யும் ஸ்லர்ப்பை எழுதி இலவசமா விட்டார்.

அது செஞ்ச தந்திரம் அழகு. ஸ்லர்ப்பை யூனிக்ஸ் மெஷினில் சாதாரணப் பயனராவே ஓட்டலாம், ரூட் அனுமதி வேண்டாம். போன் லைனில் உங்க பிசி அனுப்பும் பாக்கெட்டுகளை அது வாங்கிப் பிரிச்சு, உங்களுக்காகத் தானே ஒரு சாக்கெட் திறந்து வெளியே பேசி, வந்த பதிலை மறுபடி பாக்கெட்டாக் கட்டித் திருப்பி அனுப்பும். நெட்வொர்க் அட்மினுக்கு யாரோ ஒரு பையன் ஏதோ ஒரு புரோகிராம் ஓட்டுறான், அவ்வளவுதான் தெரியும். இந்தப் பொய் நெட்வொர்க்கில் உங்க பிசிக்கு 10.0.2.15, டிஎன்எஸ்ஸுக்கு 10.0.2.3, அந்த யூனிக்ஸ் மெஷினுக்கு... ஆமாங்க, 10.0.2.2!

10 எப்படிக் காலியா இருந்துச்சு? அது அர்பாநெட்டின் நெட்வொர்க் எண். அர்பாநெட்டை 1990-ல் மூடிட்டாங்க. 1994-ல் ஆர்எஃப்சி 1597 அந்த எண்ணைத் தனியார் நெட்வொர்க்குகளுக்குக் கொடுத்திடுச்சு.

2003-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்டு கியூஎமுவை வெளியிட்டார் (எஃப்எஃப்எம்பெக்கை ஆரம்பிச்ச அதே மனுஷன், எப்பதான் தூங்குவாரோ). உள்ளே ஓடும் மெஷினுக்கு நெட் வேணும், ஆனா அதுக்காக ரூட் அனுமதி கேட்கக் கூடாது. மாணவர்களுக்கு இருந்த அதே சிக்கல்! ஸ்லர்ப் கோடு அப்படியே உள்ளே வந்தது, நம்பர்களோடு சேர்த்து. 2007 நவம்பரில் வந்த ஆண்ட்ராய்டு எஸ்டிகேயின் எமுலேட்டர் கியூஎமு மேலதான் கட்டப்பட்டது. ஆக, என் பொய் போன்தான் அந்த மாணவனின் பிசி, என் லேப்டாப்தான் யூனிக்ஸ் மெஷின். சர்வர் 127.0.0.1-ல் மட்டும் காது கொடுத்தாலும் 10.0.2.2 வேலை செய்யுறது இதனாலதான்: லேப்டாப்புக்குள்ளிருந்தே ஒரு சாதாரண புரோகிராம்தான் கதவைத் தட்டுது.

விர்ச்சுவல்பாக்ஸ் நாட்டில் 10.0.2.15 வருவதும் இதே பூர்வீகம்தான். நிஜ போனில் மட்டும் இந்த நம்பரைப் போட்டு ஏமாறாதீங்க. அதுக்கு ஏடிபி ரிவர்ஸ் இருக்கு. ஐஓஎஸ் சிமுலேட்டர்காரங்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை, அது மேக்கின் நெட்வொர்க்கையே பயன்படுத்துது.

மறுநாள் ஆர்க்கிடெக்ட்டிடம் முழுக் கதையையும் ஒப்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஸ்லர்ப் ஓட்டினதுக்கு என் அக்கவுண்ட்டை ஒரு வாரம் முடக்கிட்டாங்க தம்பி" என்றார். அட்மின் எப்படிக் கண்டுபிடிச்சார்னு கேட்டேன். பக்கத்து ரூம் பையன் போட்டுக் கொடுத்துட்டானாம்.