கூலிக்கு விட்ட வாள்

படைக்குச் சோறாக்குவதும் சுமை சுமப்பதும் குடிமக்களின் கூலி வேலையாய் இருந்தமை பழைய வழக்கமே. ஆயின் ஆயுதமேந்தும் பொறுப்பும் ஒப்பந்தப் பத்திரத்துள் அடங்கியபோது, அதற்குப் பதில் சொல்வோர் யாவர் என்பது மறைந்துபோயிற்று. இதற்கு இராக்கே சான்று.

2004 ஜூன் மாதம், ஆட்சியை இராக்கியரிடம் ஒப்படைக்கும் தறுவாயில், அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் 17ஆம் ஆணையைத் திருத்தி வெளியிட்டார். அயல்நாட்டு ஒப்பந்தக்காரர் தம் ஒப்பந்தப் பணியில் செய்யும் செயல்களை இராக்கியச் சட்டம் தீண்டாது என்றது அது.

2007 செப்டம்பர் 16 அன்று பக்தாதின் நிசூர் சதுக்கத்தில், அமெரிக்க இராஜதந்திரிகளின் காவலுக்கு அமர்த்தப்பட்ட பிளாக்வாட்டர் நிறுவனத்தார் சுட்டதில் 17 இராக்கியர் மாண்டனர்; ஒன்பது வயதுச் சிறுவனொருவனும் அவருள் அடங்குவான். இராக்கிய நீதிமன்றத்துக்கு அவர்களை விசாரிக்கும் வழியில்லை. அமெரிக்க நீதிமன்றம் 2014இல் நால்வரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அந்நால்வரையும் மன்னித்தார்.

கொலையுண்டவனின் வாரிசுக்கே மன்னிக்கும் உரிமையை வழங்கியது இஸ்லாமிய நீதி. இங்கு மன்னித்தவரோ வாரிசல்லர். வாளைக் கூலிக்கு விடலாம். சிந்திய இரத்தத்தின் கணக்கை எவரிடமும் குத்தகைக்கு விட இயலாது.