"மகாத்மா" என்றொரு ஜாலவித்தைப் பத்திரிகை

மகாத்மா என்றதும் நம் மக்களின் கைகள் தாமே குவியும். ஆனால், காந்தியாருக்கு அப்பட்டம் கிடைப்பதற்குப் பல்லாண்டு முன்பே, 1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் அப்பெயர் தாங்கி ஒரு மாதப் பத்திரிகை தோன்றியது. அதில் ஆத்மாவுமில்லை, உபதேசமுமில்லை. அது மேடை ஜாலவித்தைக்காரருக்கான ஏடு. அந்நாட்டில் அத்தொழிலுக்குப் பிறந்த முதற் பத்திரிகை.

இச்சொல்லை மேல்நாட்டாரிடையே பெரிதும் பரப்பியவர் பிரம்ம ஞான சபையார். இமயத்துக்கு அப்பாலுள்ள மகாத்மாக்கள் எழுதும் கடிதங்கள், சென்னை அடையாற்றில், பிளாவட்ஸ்கி அம்மையாரின் அறையையொட்டிய சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் தாமே வந்து விழுவதாகச் சொல்லப்பட்டது. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை, அம்மையார் எழுதியவையெனச் சில கடிதங்களை வெளியிட்டு, இதனைச் சூழ்ச்சியென்றது. ரிச்சர்டு ஹாட்சன் என்பார் சீமையிலிருந்து நேரில் வந்து விசாரித்து, பெட்டியின் பின்புறம் திறக்கத்தக்கதாயிருந்ததென்றும், நடந்தது மோசடியென்றும் 1885-இல் முடிவு கூறினார். சபையார் அதனை ஏற்கவில்லை. அவரது ஆராய்ச்சியைக் குறைகூறுவோர் பின்னரும் தோன்றினர். அஃதெவ்வாறாயினும், பின்புறம் திறக்கும் பெட்டி மேடை வித்தைக்காரரின் பழைய கருவி என்பதை நாம் மறத்தற்கில்லை!

"மகாத்மா" பத்திரிகையோ, இவையெல்லாம் கையும் கருவியும் செய்யும் வேலையென்று ஒப்புக்கொண்டவர்களின் பத்திரிகை. வித்தையின் சூட்சுமத்தை அவர்கள் ஊராருக்கு மறைத்தனர். ஆனால் தெய்வத்தின்மேல் ஏற்றவில்லை. இவ்வேற்றுமையை நம் பேராக் தமிழர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல மறைந்துவிட்டன, லயங்களும் இடிந்தன. செப்படி வித்தைக்காரனுக்குச் சில்லறை போட்டுச் சிரித்துப் போகும் நம்மவர், அதே வித்தையை விபூதி பூசிய ஒருவன் செய்தால் மாதச் சம்பளத்தைக் காலடியில் வைக்கும் வழக்கம் மட்டும் இன்னும் மறைந்தபாடில்லை.

பத்திரிகை 1906-இல் நின்றது. அதற்குள் 1902-இல் சிக்காகோவில் "ஸ்பிங்ஸ்" தோன்றிவிட்டது. அது 1953 வரை நடந்தது. இங்கிலாந்தில் "அப்ரகடப்ரா" என்னும் வார ஏடு 1946 முதல் 2009 வரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட இதழ்களைக் கண்டது. நம் வாரப் பத்திரிகைகளில் எத்தனைக்கு அந்த ஆயுள்!

1906-இலேயே ஹூடினி தாமும் ஒரு மாத ஏடு தொடங்கினார். ஈராண்டே நடந்த அதில், தாம் முன்பு குருவாகப் போற்றிய பிரெஞ்சு வித்தைக்காரர் ராபர்ட் ஹூடினைக் கண்டித்து எழுதிய பகுதி கொஞ்சமன்று. ஆயினும் அவர் பிற்காலம் பெரிது. இறந்தோருடன் பேசுவதாகக் காசு பறித்தவர்களை ஊர் ஊராகச் சென்று அம்பலப்படுத்தினார். 1926-இல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டியின் முன் நின்று, தம்மால் விளக்க முடியாத அற்புதம் செய்வோருக்குப் பதினாயிரம் டாலர் தருவதாகச் சொன்னார். குறிசொல்வோர் பலர் அங்கேயே இருந்தனர். ஒருவரும் அப்பணத்தைப் பெறவில்லை.